மணியத்தைத் தனியாக விட்டது யார்?



சென்ற சனிக்கிழமை புந்தோங் காலைச் சந்தையில், தவ்கே விற்கும் சீனப் பெண்மணியின் கடைக்கு முன்னால், என் பழைய மாணவர் ஒருவரைச் சந்தித்தேன். இப்போது அவருக்கே இடைநிலைப்பள்ளியில் பயிலும் மகள் இருக்கிறாள். பேச்சு எங்கெங்கோ சுற்றி, ‘இன்டர்லோக்’ நாவலில் வந்து நின்றது. “அந்தப் புத்தகத்தைப் பள்ளியை விட்டே விரட்டினோமே ஐயா, அது நம் இனத்துக்குக் கிடைத்த வெற்றி அல்லவா?” என்றார்.

“நீங்கள் அதைப் படித்தீர்களா?” என்று கேட்டேன்.

சிரித்தார். “எதற்குப் படிக்க வேண்டும்? நம்மைப் பறையன் என்று எழுதிவிட்டார்கள். நாங்கள் அந்த ஆட்கள் இல்லையே, ஐயா!”

தவ்கே பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவரிடம் அங்கேயே மறுமொழி சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் ஒரு வாரமாக என்னை உறங்கவிடவில்லை. இப்பதிவு அவருக்கு நான் சொல்லாமல் விட்ட மறுமொழி. சிலருக்குச் சினம் வரலாம். வந்தால் வரட்டும்.

இளைய ஆசிரியர்கள் சிலருக்கு நடந்தது தெளிவாகத் தெரியாது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘இன்டர்லோக்’ நாவலை எழுதியவர் தேசிய இலக்கியவாதி அப்துல்லா உசேன். கெடா மாநிலத்து யான் வட்டாரத்துக்காரர். 1920 இல் பிறந்து 2014 இல் மறைந்தவர். நாடு விடுதலை அடைந்த பத்தாண்டு நிறைவை ஒட்டி 1967 இல் நடத்தப்பட்ட நாவல் போட்டிக்காக எழுதப்பட்டு, ஆறுதல் பரிசு பெற்று, 1971 இல் அச்சேறியது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூன்று குடும்பங்களின் கதை அது. செமானின் குடும்பம், சீனா பாஞ்சாங்கின் குடும்பம், மணியத்தின் குடும்பம் என்று தனித்தனியாகச் சொல்லிவந்து, நான்காம் பகுதியில் மூன்றையும் ஒன்றாகப் பின்னுகிறார் ஆசிரியர்.

நாற்பது ஆண்டுகள் எவரும் அதைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை. 2011 ஆம் கல்வியாண்டுக்கு, ஐந்தாம் படிவ மாணவர்களுக்கான மலாய் இலக்கியப் பாடநூலாக அது அறிவிக்கப்பட்டபோதுதான் நெருப்புப் பற்றியது. சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா, நெகிரி செம்பிலான் ஆகிய இடங்களுக்கு மட்டுமே அந்நூல். நம் பேராக் மாநிலத்துப் பிள்ளைகளுக்கு அது பாடமாக வரவே இல்லை. ஆனால் நம் வட்டாரத்துத் தேநீர்க் கடைகளிலும் கோயில் மண்டபங்களிலும் அந்நாளில் வேறு பேச்சே கிடையாது. காவல் நிலையங்களில் புகார், அறிக்கைக்கு மேல் அறிக்கை, நூலை எரிக்க வேண்டும் என்ற குரல்! 2011 பிப்ரவரி 27 ஆம் நாள் கோலாலம்பூரில் எதிர்ப்பு ஊர்வலம் செல்ல முயன்றவர்கள் கைதானார்கள். சொல்லை மட்டும் திருத்தலாம் என்ற பேச்சுவார்த்தை மாதக் கணக்கில் நீண்டது. அவ்வாண்டு இறுதியில் கல்வி அமைச்சு அந்நூலைப் பாடத்திட்டத்திலிருந்து மீட்டுக்கொண்டது. அதே ஆசிரியரின் வேறொரு நாவல் அவ்விடத்துக்கு வந்தது. எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டோம்.

நான் அந்த நாவலைப் படித்தது அதற்குப் பிறகுதான். ஆம், நானும் படிக்காமலேயே கையொப்பமிட்டவன். ஆசிரியர் அறையில் சுற்றுக்கு வந்த எதிர்ப்பு மனுவில் என் பெயர் மூன்றாவதாக இருந்தது.

படித்த பிறகு மணியம் என்னை விடவில்லை. தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறி வருகிறான். முன்பின் தெரியாத மண்ணில், மொழி புரியாத மக்களிடையே, உடல் உழைப்பைத் தவிர வேறு கைம்முதல் இல்லாமல் நிற்கிறான். தோட்டத்தில் வேலை கிடைக்கிறது, திருமணம் நடக்கிறது, அந்த வாழ்வும் கைநழுவிப் போகிறது. உயிருக்கே ஆபத்து வந்த வேளையில் அவனைக் காப்பாற்றுபவர் மூசா என்ற மலாய்க்காரர். பின்னாளில் அந்த மூசாவின் மகன் செமான் நிலமும் வீடும் இழந்து நிற்கும்போது கைகொடுத்துத் தூக்கிவிடுபவன் நம் மணியம். நன்றி மறவாதவன். நாவலில் உள்ள நல்லவர்களின் பட்டியலைப் போட்டால் அவன் பெயர் மேலே வரும். நம்மில் பலருக்கு இது தெரியவே தெரியாது. அவன் மீது ஒட்டப்பட்ட ஒரு சொல்தான் தெரியும்.

அந்தச் சொல் வரும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். கப்பலில் வந்தவர்கள் எல்லாரும் அந்த ஒரே சாதியைச் சேர்ந்தவர்கள், ஆகவே ஒருவரை ஒருவர் தொட்டுவிடுவோமோ என்ற கவலை அவர்களுக்கு இல்லை என்ற பொருள்பட அந்தப் பகுதி அமைந்திருக்கிறது. இதில் எது பொய்? எல்லாரும் ஒரே சாதி என்பது பொய். மலாயாவுக்கு வந்த தமிழர்களில் ஆதிதிராவிடரும் இருந்தனர். வேளாளர், கள்ளர், கவுண்டர், வன்னியர் என்று பலரும் இருந்தனர். இதை அன்று எதிர்ப்பாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். சரிதான். ஆனால் அவ்வளவோடு நிறுத்திக்கொண்டார்கள். இரண்டாவது பொய்யை ஒருவரும் தொடவில்லை. தொடும் கவலை இல்லை என்றாரே, அதுதான் அந்தப் பெரிய பொய்.

என் பாட்டி செமோர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்வெட்டியவர். அவர் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அங்கே மேட்டு லயம், பள்ளத்து லயம் என்று இரண்டு இருந்தன. வெள்ளைக்காரத் துரை எல்லாருக்கும் ஒரே அளவில்தான் வீடு கட்டிக் கொடுத்தான். யார் எந்த லயத்தில் குடியிருப்பது என்று பிரித்தவர் நம் கங்காணி. அவரே ஊரிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வந்தவர். யார் எந்தத் தெரு என்று அவருக்குத் தெரியும். விடியற்காலைப் பிரட்டுக் களத்தில் எல்லாரும் ஒரே வரிசை. பால்மரத்துக்குச் சாதி தெரியாது. மாலையில் மாரியம்மன் கோயிலுக்குப் போகும்போது மட்டும் பள்ளத்து லயத்தார் எங்கே நிற்க வேண்டும் என்று ஓர் எல்லை இருந்தது. திருவிழாக் கூழ் ஊற்றும் பாத்திரம் இரண்டு. ஆயாக் கொட்டகையில் குழந்தைகளை எந்தத் தூளியில் போடுவது என்பதில்கூட முணுமுணுப்பு உண்டாம்.

பாட்டி எந்த லயத்தில் இருந்தார் என்று நீங்கள் இப்போது மனத்துக்குள் கேட்டிருந்தால், அந்தக் கேள்வியைச் சற்று நேரம் கையில் வைத்துக்கொண்டிருங்கள். நான் சொல்லப் போவதில்லை.

ஆக, அப்துல்லா உசேன் நம்மைப் பற்றி எழுதியது தவறு. உண்மை அவர் எழுதியதைக் காட்டிலும் மோசமானது. சாதி என்பது கப்பலில் ஏறவே இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். அது நம் துணி மூட்டைக்குள் இருந்து பினாங்கில் இறங்கி, புகைவண்டி ஏறி, ஈப்போ வரை வந்தது. 1929 டிசம்பரில் பெரியார் மலாயா வந்து, ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டில் கலந்துகொண்டு பேசினாரே, எதற்காக? இங்கே சாதி இல்லை என்று பாராட்டுவதற்காகவா?

அந்தப் பகுதியில் வேறொன்றும் இருக்கிறது. நாவலாசிரியர் அறிந்து எழுதினாரோ அறியாமல் எழுதினாரோ, அங்கே மணியத்துக்கு ஒரு நிம்மதி கிடைக்கிறது. பிறந்த ஊரில் எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி நின்று பழகியவன், இங்கே ஒதுங்க வேண்டியதில்லை என்று மூச்சு விடுகிறான். வரலாற்றுப்படி அந்த நிம்மதி பொய்யாக இருக்கலாம். ஆனால் அப்படி ஒரு நிம்மதிக்காக ஏங்கிக் கடல் கடந்தவர்கள் எத்தனை பேர்! அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தாம் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். நாம் அந்த நாவலை எதிர்த்துக் கூவியபோது, “எங்களை அந்த ஆட்களோடு சேர்க்காதே” என்று கூவியது அந்தப் பிள்ளைகளின் காதிலும் விழுந்தது. அவர்கள் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

எதிர்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளையே என்னை அந்நூலுக்கு வக்காலத்து வாங்குகிறவன் ஆக்கிவிடுவார்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியை முடித்து, புகுமுக வகுப்பைத் தாண்டி, நான்காம் படிவ அறிவியல் வகுப்புக்குப் போனபோது, அந்த அறையில் தமிழன் நான் ஒருவன்தான். ஒருமுறை கணிதத் தேர்வில் என் மதிப்பெண் கூடிப்போனது. பின்வரிசையிலிருந்து ஒருவன் அந்தச் சொல்லை மலாய் உச்சரிப்பில் உரக்கச் சொன்னான். வகுப்பே சிரித்தது. ஆசிரியர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். ‘கெலிங்’ என்று சொல்லியிருந்தால்கூட எனக்குப் பழக்கம்தான். இந்தச் சொல் வேறு இடத்தில் குத்தியது. அன்று இடைவேளையில் சிற்றுண்டிச்சாலைக்குப் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. ஏறக்குறைய அந்த ஆண்டு முழுவதும் நூலகத்தில் தனியாக உட்கார்ந்துதான் நான் கொண்டுபோன சோற்றைத் தின்றேன், நூலகத்தில் தின்னக் கூடாது என்ற விதியை மீறி.

ஆகவே, நாற்பது பேர் கொண்ட வகுப்பில் இரண்டே தமிழ்ப் பிள்ளைகள் இருக்கும்போது, பயிற்சியற்ற ஆசிரியர் ஒருவர் அந்தப் பக்கத்தை உரக்கப் படித்தால் என்ன நேரும் என்று எனக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அமைச்சு அதை எண்ணிப் பார்க்கவில்லை. பாடநூல் தெரிவுக்குழு எண்ணிப் பார்க்கவில்லை. அவர்கள் மீது எனக்குள்ள சினம் இன்றும் தணியவில்லை. என் சண்டை நம்மோடு. அந்தச் சொல்லால் எவரையும் அடிக்கக் கூடாது என்று சொல்லாமல், அதனால் எங்களை அடிக்காதே என்று மட்டும் சொன்னோமே, அந்தக் கோரிக்கையோடு.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்பவர்களுக்காகச் சிறிது வரலாறு. 1893 இல் சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் ஓர் இதழ் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘பறையன்’. பிறர் எச்சில் துப்பிய சொல்லை எடுத்து, துடைத்து, தம் இதழின் தலைப்பில் அச்சிட்டு விற்றார். அதன் பிறகு 1922 இல், எம்.சி. ராஜா போன்றோரின் முயற்சியால், சென்னை மாகாண அரசு தன் ஆவணங்களில் அந்தப் பெயரை நீக்கி ‘ஆதிதிராவிடர்’ என்று குறிக்க இசைந்தது. ஒருவர் அந்தச் சொல்லைச் சுமந்து போராடினார், மற்றவர் அதைக் கைவிட்டுப் போராடினார். இரண்டு வழியும் மதிப்புக்குரியவை, ஏனென்றால் இரண்டிலும் போராடியவர்கள் அந்த மக்களே. நம் 2011 ஆம் ஆண்டுப் போராட்டத்தில் அந்த மக்கள் எங்கே இருந்தார்கள்? கூட்டத்துக்குள் இருந்திருப்பார்கள். ஆனால் தம் பெயரைச் சொல்லிக்கொள்ள முடியாமல் இருந்திருப்பார்கள். அதைவிடப் பெரிய தனிமை எது?

இதே காலத்தில் உலகின் மறு கோடியில் நடந்ததையும் பாருங்கள். 2011 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நாம் இங்கே கொதித்துக்கொண்டிருந்த அதே வாரங்களில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பதிப்பகம் ஒன்று மார்க் ட்வெயினின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலுக்குத் திருத்திய பதிப்பை அறிவித்தது. கறுப்பினத்தவரை இழிவாகக் குறிக்கும் சொல் அந்நூலில் இருநூறு தடவைக்கு மேல் வருகிறது. அதை எடுத்துவிட்டு ‘அடிமை’ என்று போட்டார்கள். அங்கும் பெரிய வழக்காடல். ஜிம் என்ற அந்தக் கறுப்பினத்தவன்தான் கதையிலேயே பெருந்தன்மை உள்ளவன். அவனைச் சுற்றியிருந்தவர்கள் எவ்வளவு கொடியவர்கள் என்பது அவர்கள் வாயிலிருந்து வரும் அந்தச் சொல்லால்தான் தெரிகிறது. அதை எடுத்துவிட்டால் அவர்கள் நல்லவர்களாகிவிடுவார்களே என்றார்கள் ஒரு சாரார். அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் கறுப்பினச் சிறுமியை எண்ணிப் பாருங்கள் என்றார்கள் மறு சாரார். இரு சாராரும் நாவலைப் படித்திருந்தார்கள் என்பதை மட்டும் கவனிக்கவும்.

ஆங்கிலம் போதிக்கும் நண்பர் ஒருவர் எனக்கு ஸ்டைன்பெக்கின் ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ என்ற சிறு நாவலைப் படிக்கக் கொடுத்தார். 1937 இல் வந்தது. கலிபோர்னியாவில் ஒரு பண்ணை. ஊர் ஊராக அலையும் கூலிகள். அங்கே குதிரை லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் குரூக்ஸ் என்ற கறுப்பினத்தவன் இருக்கிறான்; முதுகு வளைந்தவன். மற்ற ஆள்கள் எல்லாரும் ஒரே கொட்டகையில் படுப்பார்கள், சீட்டாடுவார்கள். அவனுக்கு அங்கே இடமில்லை. சேணங்கள் தொங்கும் அறையில் தனியே கிடக்கிறான். அவனிடம் சில புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று கலிபோர்னியாவின் குடியியல் சட்ட நூல், அதுவும் கிழிந்துபோன படி. இதைப் படித்தபோது நூலை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். தனக்கு எந்த உரிமையையும் தராத ஊரின் சட்டத்தைப் படித்துப் படித்துக் கிழித்து வைத்திருக்கிறான்! ஓர் இரவு, மனவளர்ச்சி குன்றிய லென்னி என்பவன் அவன் அறைக்குள் நுழைகிறான். முதலில் விரட்டுகிறான் குரூக்ஸ். பிறகு பேசுகிறான். பேச ஆளில்லாமல் போனால் மனிதன் நோயுற்றுப் போகிறான் என்கிறான். சிறிது நேரம் அவனும் நிலம் வாங்கும் கனவில் பங்கு கேட்கிறான். முதலாளி வீட்டு மருமகள் வந்து, உன்னை மரத்தில் தொங்கவிடச் செய்வது எனக்கு எளிது என்று மிரட்டியதும், கேட்ட பங்கையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சுருண்டுகொள்கிறான்.

பள்ளத்து லயம் என்று என் பாட்டி சொன்னதும், சேண அறை என்று ஸ்டைன்பெக் சொன்னதும் எனக்கு ஒரே இடமாகத் தெரிந்தது. அந்த நாவலையும் வேல்ஸ் நாட்டுத் தேர்வு வாரியம், இழிசொற்கள் பிள்ளைகளைப் புண்படுத்துகின்றன என்ற காரணத்தால், 2025 முதல் தன் புதிய பாடத்திட்டத்தில் சேர்க்கவில்லை. கறுப்பின மாணவர்கள் தாங்கள் பட்ட வேதனையைத் தாங்களே சொன்னதன் பேரில் எடுக்கப்பட்ட முடிவு என்கிறார்கள். அந்தக் காரணத்தை என்னால் மறுக்க முடியவில்லை. நூலகத்தில் சோறு தின்ற பையன் எப்படி மறுப்பான்? ஆனால் குரூக்ஸின் அறைக் கதவு இன்னொரு முறை அடைபட்டதே என்ற வருத்தமும் போகவில்லை.

அடுத்தவர் கதை போதும். தமிழுக்கு வருவோம். புதுமைப்பித்தன் 1930களில் ‘துன்பக்கேணி’ என்ற நீண்ட கதையை எழுதினார். திருநெல்வேலிப் பக்கத்துச் சேரியிலிருந்து கங்காணியின் சொல்லை நம்பி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதி என்ற பெண்ணின் கதை. தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுள் அதற்கு இணையானவை மிகச் சில. 2014 இல் சென்னைப் பல்கலைக்கழகம் அதையும், ‘பொன்னகரம்’ என்ற கதையையும் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. தாழ்த்தப்பட்ட மக்களை அது காட்டிய விதம் குறித்து எழுந்த எதிர்ப்பே காரணம். அங்கே எதிர்த்தவர்களின் வாதத்துக்கு நான் செவிகொடுக்கிறேன். புதுமைப்பித்தன் வெளியிலிருந்து பார்த்தவர். அவருடைய நக்கல் சில இடங்களில் கதைமாந்தரின் மீதும் தெறிக்கும். ஆயினும் கேட்கிறேன்: மருதியையும் எடுத்துவிட்டு, மணியத்தையும் எடுத்துவிட்டு, நம் பிள்ளைகள் தங்கள் பூட்டன் பூட்டியை எந்தப் புத்தகத்தில் சந்திப்பார்கள்? கே.எஸ். மணியம் 1981 இல் வெளியிட்ட ‘தி ரிட்டர்ன்’ நாவலில் பெரியதாய் என்ற பாட்டி வருகிறார். தனக்கு உரிமையில்லாத நிலத்தில் வீட்டைக் கட்டி, கடைசியில் அதனோடே எரிந்துபோகும் மனிதர் வருகிறார். கெடாவின் பீடோங்கில் பிறந்து வளர்ந்த தமிழர் எழுதியது. ஆங்கிலத்தில் எழுதினார் என்பதால் நம் வீடுகளுக்குள் அவர் வரவே இல்லை. 2020 இல் மறைந்தும் போனார்.

இப்போது என் சொந்தக் கணக்கு. அதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் வெறும் வாய்ச்சவடால்.

‘இன்டர்லோக்’ மனுவில் கையொப்பமிட்ட சில ஆண்டுகள் கழித்து, பள்ளி தொடங்கிய இரண்டாம் வாரத்தில், ஒரு தந்தை என்னைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர், பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குத் தாராளமாக நன்கொடை தருபவர். தம் மகளை வேறு இடத்தில் உட்கார வைக்க வேண்டும் என்றார். கண்பார்வைக் குறையா என்று கேட்டேன். இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிறுவன் பேசுகிறானா, அடிக்கிறானா என்று கேட்டேன். அதுவும் இல்லை. சற்றுத் தயங்கிவிட்டு, குரலைத் தாழ்த்தி, “அவர்கள் யார் வீட்டுப் பிள்ளை என்று உங்களுக்குத் தெரியும்தானே, ஐயா” என்றார். எனக்குத் தெரியும். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பதும் தெரியும். இடமாற்றம் சிறிய விஷயம்தானே, வகுப்பில் அமைதி முக்கியம் அல்லவா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மறுநாள் ஐந்தாறு பிள்ளைகளின் இடத்தை ஒன்றாக மாற்றினேன். எவருக்கும் தெரியாதபடி செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

ஒன்பது வயதுச் சிறுவன் அவன். இடைவேளை மணி அடித்தும் எழவில்லை. பக்கத்தில் இருந்த வெற்று நாற்காலியை மேசைக்குள் தள்ளி வைத்தான். ஓசை வராமல் மெல்லத் தள்ளினான். பிறகு சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் வெளியே போனான். அவ்வாண்டு இறுதியில் அந்தக் குடும்பம் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தது. வேலை மாற்றம் என்றார்கள். அதுவே உண்மையாகவும் இருக்கலாம்.

எந்த மலாய் நாவலும் அந்தச் சிறுவனை அப்படி உட்கார வைக்கவில்லை. எந்த அமைச்சும் சுற்றறிக்கை அனுப்பவில்லை. தமிழ்ப்பள்ளியில், தமிழாசிரியன், தமிழ்த் தந்தை ஒருவரின் கோரிக்கைக்கு இணங்கிச் செய்தது அது.

“மலேசியாவில் ஏது ஐயா சாதி?” என்பார்கள். திருமணப் பேச்சைத் தொடங்கிப் பாருங்கள். சாதிப் பெயர் தாங்கிய சங்கத்தின் குடும்ப தின அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களே ‘இன்டர்லோக்’ பற்றிக் கேட்டால் பொங்கி எழுகிறார்கள். புந்தோங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கச்சான் பூத்தே வறுக்கும் தமிழர்களும் தவ்கே வளர்க்கும் சீனர்களும் ஒரே ஊரில் அடுத்தடுத்து வாழ்கிறார்கள்; தைப்பூசத்தன்று கல்லுமலைக் கோயிலுக்குக் காவடி போகும் வழியில் சீனர்களும் தேங்காய் உடைக்கிறார்கள். பிற இனத்தாரோடு இவ்வளவு எளிதாகக் கலக்கத் தெரிந்த நமக்கு, நம் பக்கத்து நாற்காலி மட்டும் ஏன் இவ்வளவு தொலைவு?

சந்தையில் சந்தித்த என் மாணவருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். தம்பி, நீங்கள் அந்த ஆட்கள் இல்லை என்றீர்கள். உங்கள் மகளின் வகுப்பில் அந்த ஆட்கள் என்று எவரேனும் இருக்கிறார்களா? இருந்தால், அவர்களிடமும் இதையே சொல்வீர்களா? உங்களை என் வகுப்பில் மூன்றாண்டு வைத்திருந்தும் இந்தக் கேள்வியை நான் கேட்கக் கற்றுக்கொடுக்கவில்லை. அது என் குறை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘இன்டர்லோக்’ மீண்டும் தேர்வுப் பாடமாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை, வேண்டாம். பதினேழு வயதுப் பிள்ளை மதிப்பெண்ணுக்காக அந்தச் சொல்லை மனனம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் நாம் வளர்ந்தவர்கள், படிக்கலாம். முதலில் மணியத்தின் பகுதி, பிறகு ‘துன்பக்கேணி’, பிறகு முடிந்தால் குரூக்ஸ் வரும் அந்த அத்தியாயம். மூன்றையும் படித்துவிட்டு ஒரு மாலை உட்கார்ந்து சண்டை போடுவோம். அப்துல்லா உசேன் எங்கே தவறினார், புதுமைப்பித்தன் எங்கே தவறினார், நாம் எங்கே தவறினோம் என்று பேசுவோம்.

என்னிடம் ‘இன்டர்லோக்’ ஒரு படி இருக்கிறது, பழைய புத்தகக் கடையில் வாங்கியது. முன்னால் வைத்திருந்தவர் யாரோ மணியத்தின் பகுதியில் அந்த ஒரு சொல்லை மட்டும் பேனாவால் அழுத்தி அழுத்தி அடித்திருக்கிறார், தாள் கிழிந்தே போயிருக்கிறது. மற்றப் பக்கங்கள் பிரிக்கப்படாத புத்தகம்போல் புதிதாக இருக்கின்றன. வேண்டுவோர் கேளுங்கள், இரவல் தருகிறேன். இரண்டு வாரத்தில் திருப்பித் தர வேண்டும். எனக்கு அடுத்து ஒருவர் காத்திருக்கிறார்.